தொழில் முடிந்து கடனில் சிக்கிய கால்பந்து வீரருக்கு உதவி: இங்கிலாந்தில் எந்தச் சேவை உதவும், எங்கே சறுக்கும்

1998 நவம்பர் 18. வெம்ப்ளியில் செக் குடியரசுடன் நட்பு ஆட்டம். முடிய 13 நிமிடம் இருக்கையில் பால் மெர்சனுக்குப் பதிலாக லீ ஹெண்ட்ரி உள்ளே வந்தார். வயது 21, ஆஸ்டன் வில்லாவின் நடுக்கள வீரர். இங்கிலாந்து 2–0 என ஜெயித்தது. அவரைத் தேர்ந்தெடுத்த கிளென் ஹாடில் இரண்டரை மாதத்தில் பயிற்சியாளர் பதவியை இழந்தார். ஹெண்ட்ரிக்கு இன்னொரு அழைப்பு வரவே இல்லை. இங்கிலாந்து சீனியர் அணிக்கு அவர் ஆடியது மொத்தமே அந்த 13 நிமிடம்தான்.

2007இல் வில்லாவை விட்டு ஷெஃபீல்ட் யுனைடெட் போனார். வீடுகளில் போட்ட பணம் 2008 சரிவில் மாட்டியது. அம்மா இருந்த வீட்டையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2012இல் திவால். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். அப்படிப் பேசியது பல வீரர்களுக்கு வாய் திறக்கும் தைரியத்தைக் கொடுத்தது.

அதே நிலையில் இன்று ஒரு வீரர் நின்றால் அவருக்கு என்னென்ன சேவைகள் இருக்கின்றன, அவை எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. சொல்பவை எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு உட்பட்டவை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு.

முதலில் ஓட்டை எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். கார், வாட்ச், பார்ட்டி என்றுதான் பத்திரிகைகள் எழுதும். பெரும் தொகையை விழுங்குவது பெரும்பாலும் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீடுகள். ஒரு உதாரணக் கணக்கு: ஒரு வீட்டுக்கு 2,00,000 பவுண்டு கடன், வட்டி 5%, அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டும் ஏற்பாடு. மாத வட்டி 833 பவுண்டு. வாடகை 900. காகிதத்தில் லாபம். வருடத்தில் ஒரே ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும். கிளப் சம்பளம் வரும்வரை இந்த ஓட்டை கண்ணில் படாது. சம்பளம் நின்றதும், இப்படிப் பத்து வீடு வாங்கியிருந்தால் பத்தும் ஒரே மாதத்தில் கை நீட்டும். அந்த நேரம் பார்த்து வீட்டு விலையும் விழுந்தால் மறுஅடமானம் வைக்க வங்கி ஒத்துக்கொள்ளாது. வீட்டைப் பறித்து 1,90,000க்கு விற்றால், ஏலச் செலவும் வக்கீல் செலவும் போக மீதி நிற்கும் கடன் வீரரின் தலையில்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீராது. அந்த மீதியில் அசலுக்காக 12 வருடம்வரை, வட்டிக்காக 6 வருடம்வரை வழக்குப் போட முடியும்.

இரண்டாவது ஓட்டை வரி. ஆடும்வரை கிளப்பே சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடும். ஓய்வுக்குப் பிறகு டிவியில் பேசப் போகிறார், சுயதொழில் வருமானம் வருகிறது. முதல் முறை ஜனவரி 31 வரும்போது அந்த வருட வரி முழுசும், அடுத்த வருடத்துக்கு முன்பணமாகப் பாதியும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். 20,000 எதிர்பார்த்தவருக்கு 30,000 பவுண்டு பில். மீதிப் பாதி ஜூலை 31க்கு. வருமானம் குறைந்துவிட்டது என்றால் எஸ்.ஏ.303 என்ற படிவத்தில் முன்பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். வரிக் கடன் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், கெடு தாண்டி 60 நாளுக்குள், இணையத்திலேயே தவணை போட்டுக்கொள்ளலாம். இந்த வசதி நன்றாகவே வேலை செய்கிறது. கவரைப் பிரிக்காமல் மேஜை டிராயரில் போட்டு வைப்பவருக்கு மட்டும் எதுவும் செய்யாது.

இனி சேவைகள். பி.எஃப்.ஏ. என்கிற வீரர்கள் சங்கம் 1907இல் தொடங்கியது. முன்னாள் உறுப்பினர்களும் அதன் உதவியைக் கேட்கலாம், 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசியும் உண்டு. மனநலமும் போதையும்தான் பிரச்சினை என்றால் அங்கிருந்து ஸ்போர்டிங் சான்ஸ் மையத்துக்கு வழி கிடைக்கும். ஆர்சனல், இங்கிலாந்து அணிகளின் கேப்டனாக இருந்த டோனி ஆடம்ஸ் தன் குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட பிறகு 2000இல் தொடங்கிய மையம் அது. மது, சூதாட்டம் இரண்டுக்கும் அங்கேயே தங்கிச் சிகிச்சை பெறலாம். பொது மருத்துவமனையில் தன்னை யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்று பயப்படும் ஒருவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கடன் கொடுத்தவரை நிறுத்தும் அதிகாரம் இந்த இரண்டுக்கும் இல்லை. சிகிச்சையில் இருக்கும் வாரங்களிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த இடைவெளியை அடைப்பது ப்ரீதிங் ஸ்பேஸ் என்ற அரசுத் திட்டம், கடன் வசூலைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. 2021 மே 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹெண்ட்ரி திவாலான காலத்தில் இது கிடையாது. இருக்கும் சேவைகளில் மிகவும் மதிப்பானது இதுதான். 60 நாளுக்குப் பெரும்பாலான கடன்களில் வட்டியும் அபராதமும் ஏறாது, வசூல்காரர் வீடு தேடி வரக் கூடாது. கட்டணம் இல்லை. ஆனால் நேராக விண்ணப்பிக்க முடியாது. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களின் கடன் ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த மூன்றும் இலவசம்.

இதில் ஆட்கள் தவறும் இடங்கள் இரண்டு. பழைய பாக்கிதான் உறைந்து நிற்கும். அந்த மாத அடமானத் தவணையை நிறுத்தினால் பாதுகாப்பே ரத்தாகலாம். இரண்டாவது, 25ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் நடுவில் ஆலோசகர் ஒரு மறுபார்வை செய்வார். அப்போது போன் எடுக்காமல் இருந்தால் பாதியிலேயே முடித்துவிடுவார்கள். 12 மாதத்துக்குள் மறுபடி கேட்கவும் முடியாது.

மனநல நெருக்கடிக்குத் தனி வகை உண்டு. அங்கீகாரம் பெற்ற மனநல அலுவலர், நோயாளி நெருக்கடிச் சிகிச்சையில் இருக்கிறார் என்று சான்று தந்தால் போதும், சிகிச்சை எத்தனை நாள் நீண்டாலும் பாதுகாப்பு நீடிக்கும், முடிந்த பிறகும் 30 நாள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். வீரரின் மனைவியோ அம்மாவோ செவிலியரிடம் இதைக் கேட்டுத் தொடங்கி வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவமனை வாசலிலேயே இதை எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

பிறகு ஐ.வி.ஏ. என்கிற கடன் உடன்படிக்கை. வழக்கமாக 5 அல்லது 6 வருடம் மாதத் தவணை. கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள்; ஓட்டுப் போட்டவர்களின் கடன் தொகையில் 75% அளவுக்குச் சம்மதம் வேண்டும். நிலையான சம்பளம் உள்ளவருக்குப் பொருந்தும். ஒரு வருட ஒப்பந்தத்தில் கிளப் கிளப்பாக அலையும் 34 வயது வீரருக்கு இது பொருந்தாத சட்டை. மூன்றாவது வருடம் தவணை தவறினால் கட்டியதில் பெரும்பகுதி உடன்படிக்கையை நடத்தித் தரும் நிபுணரின் கட்டணமாகப் போயிருக்கும், கடன் மட்டும் திரும்பி வந்து நிற்கும். இணைய விளம்பரத்தைப் பார்த்து இதில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் கடன் தரகு நிறுவனங்கள் அந்தக் கமிஷனை வாங்க 2023 அக்டோபரில் தடை வந்தது, ஏன் வந்தது என்று யோசித்தால் போதும்.

சொந்த வீடில்லாத, கீழ் டிவிஷன் வீரருக்கு டி.ஆர்.ஓ. என்கிற கடன் நிவாரண உத்தரவு ஒரு எளிய வழி. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இல்லை, ஜூன் 28 முதல் கடன் வரம்பு 50,000 பவுண்டு. சொத்து 2,000க்குள், கார் 4,000க்குள், மாதம் கையில் மிஞ்சுவது 75க்குள் இருக்க வேண்டும். வரம்புக்குள் வருகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கடைசியில் திவால். விண்ணப்பம் முழுக்க இணையத்தில். கட்டணம் 680 பவுண்டு. கொஞ்சம் கொஞ்சமாகவும் கட்டலாம், ஆனால் முழுசும் கட்டி முடித்த பிறகுதான் விண்ணப்பம் போகும். நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை, அட்ஜுடிகேட்டர் என்ற அதிகாரி 28 நாளுக்குள் முடிவு சொல்வார். அதன்பின் அஃபிஷியல் ரிசீவர் என்கிற திவால் அதிகாரி விசாரிப்பார். வழக்கமாக 12 மாதத்தில் திவால் நிலையிலிருந்து விடுதலை. கடன் வரலாற்றில் 6 வருடம் இருக்கும். பெயர் அரசிதழிலும் பொதுப் பதிவேட்டிலும் வரும். பிரபலமானவர் என்றால் மறுநாளே செய்தியாகும். குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சேவை என்ற அளவில் இது ஒழுங்காக நடக்கிறது. ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் செய்த காரியங்களில்தான் வீரர்கள் சிக்குகிறார்கள், அது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிடும்.

வீட்டை அம்மா பேருக்கோ மனைவி பேருக்கோ மாற்றி எழுதுவது முதல் தப்பு. திவாலுக்கு முந்தைய 5 வருடத்தில் இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கைமாற்றிய சொத்தைத் திருப்பிக் கேட்க முடியும். அண்ணனிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் முதலில் அடைத்தால் அதுவும் 2 வருடம்வரை பின்னோக்கிப் பார்க்கப்படும். பாசத்தில் செய்ததுதான், ஆனால் ரிசீவரின் கடிதம் அந்த அம்மாவின் பேருக்கே வந்து சேரும்.

அடுத்தது பென்ஷன். 2006 ஏப்ரல் 6க்கு முன்பே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த கால்பந்து வீரர்களில் பலருக்கு 35 வயதிலேயே பணத்தை எடுக்கும் உரிமை பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் 55வரை காத்திருக்க, இவர்கள் 35இலேயே நாலில் ஒரு பங்கை வரியில்லாமல் எடுக்கலாம். வங்கி மிரட்டும்போது கை முதலில் போவது அங்கேதான். அங்கேதான் போகவே கூடாது. எடுக்காமல் விட்ட அங்கீகரிக்கப்பட்ட பென்ஷன், திவாலில் கடன் கொடுத்தவருக்குப் போகாது. அதை எடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எடுத்து வங்கியில் போட்டுவிட்டால் அது சாதாரணச் சொத்து, போய்விடும். பென்ஷனை உடைத்து ஆறு மாதத் தவணை கட்டி, ஏழாவது மாதம் எப்படியும் திவாலாவதைவிடக் கொடுமையான வரிசை கிடையாது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. திவால் உத்தரவு வந்ததும் கணக்கை முடக்கிவிடுவார்கள். கடன் பாக்கி இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்றை முன்பே திறந்து வைத்தால் அந்த வாரம் பால், ரொட்டிக்குத் தட்டுப்பாடு வராது.

சூதாட்டக் கடனுக்கு ஒரு தனி முள் இருக்கிறது. சூதாட்டமோ கண்மூடித்தனமான முதலீடோ திவாலுக்குக் காரணம் என்று தெரிந்தால் கட்டுப்பாடுகளை 2 முதல் 15 வருடம்வரை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கட்டுப்பாடு என்றால்: தன் நிலையைச் சொல்லாமல் 500 பவுண்டுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது, நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பெனி இயக்குநராக இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கோச்சிங் பள்ளி தொடங்க நினைக்கும் வீரருக்கு இது நேரடியான அடி. கம்பெனியாக இல்லாமல் தனிநபர் தொழிலாகத்தான் நடத்த வேண்டியிருக்கும். வட அயர்லாந்துக்கு 86 ஆட்டம் ஆடிய கீத் கில்லெஸ்பி, நியூகாசிலில் இருந்தபோது ஒரே நாளில் 47,000 பவுண்டு பந்தயத்தில் விட்டதைச் சொல்லியிருக்கிறார். 2010இல் அவரும் திவால்.

இதற்குள்ள இலவசத் தடுப்பு கேம்ஸ்டாப். ஒரு முறை பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா இணையப் பந்தய நிறுவனங்களும் ஆளை உள்ளே விடாது. 2020 மார்ச் 31 முதல் அந்த நிறுவனங்கள் இதில் சேர்வது கட்டாயம். 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று தேர்வு உண்டு; 5 வருடத்தையே எடுக்கலாம். தெருவில் உள்ள பந்தயக் கடையை இது தடுக்காது, உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளத்தையும் தடுக்காது. கிளப் மாறி வீடு மாறும் வீரர் முகவரியையும் மின்னஞ்சலையும் புதுப்பிக்காவிட்டால் அடையாளம் பொருந்தாமல் நழுவிப் போகவும் வாய்ப்பு உண்டு. வங்கிச் செயலியில் இருக்கும் சூதாட்டத் தடையையும் சேர்த்துப் போட்டால்தான் முழுப் பலன்.

ஆலோசகரைக் கூப்பிடும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு வீட்டின் கடன் அறிக்கை, வாடகை ஒப்பந்தங்கள், கடைசி இரண்டு வருட வரிக் கணக்கு, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகல். ஜாமீனை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். ஆலோசகர் போடும் கணக்கு முழுக்கத் தலைகீழாக மாறுவதும் அதனால்தான்.

சொத்துப் பட்டியலில் இன்னொன்றும் வரும். இங்கிலாந்துக்கு ஆடியவருக்குக் கிடைக்கும் தொப்பி, குஞ்சம் வைத்த நீல வெல்வெட். வீட்டுப் பாத்திரம், கட்டில், தொழில் கருவி ஆகியவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. விலை போகும் தொப்பிக்கும் பதக்கத்துக்கும் இல்லை. ஒளித்து வைப்பது குற்றம், விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். அது வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று குடும்பம் நினைத்தால், உறவினர் ஒருவர் மதிப்பிட்ட விலையைத் தன் சொந்தப் பணத்தில் கொடுத்து, சொத்தை நிர்வகிக்கும் ட்ரஸ்டியிடம் ரசீதோடு வாங்கிக்கொள்ளலாம். ஏலக் கம்பெனிக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.