கெனகார்ட் ஓரல் பேஸ்ட்: ஒற்றினால் மருந்து, தேய்த்தால் வீண்

மெடிக்கலில் போய் "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது கோலின் சாலிசிலேட் ஜெல். ஸைட்டீ அதில் பேர்போனது. கெனகார்ட் ஓரல் பேஸ்ட் வேறு ரகம். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதவீதம், மற்றதெல்லாம் அதைப் புண்ணின் மேல் பிடித்து வைக்கும் பசை. அடிக்கடி புண் வந்து காரக்குழம்பைக் கண்டாலே பயப்படுகிறவர்களுக்கு இது நிஜமாகவே உதவும் மருந்து. ஆனாலும் "ஒட்டவே மாட்டேங்குது, மணல் மாதிரி உதிருது" என்ற புகார் இதற்கு உண்டு. பூசும் விதத்தைச் சரிசெய்தால் அந்தப் புகார் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

பசையில் ஜெலட்டின், பெக்டின், கார்பாக்ஸிமீத்தைல் செல்லுலோஸ் ஆகிய பொடிகள் எண்ணெய்ப் பிசுக்கில் கலந்திருக்கின்றன. வாய் ஈரத்தை உறிஞ்சி அவை உப்பி, மெல்லிய படலமாகப் புண்ணை மூடும். சேற்றுப்புண் களிம்பைத் தேய்ப்பதுபோல் விரலால் தேய்த்தால் படலம் உருவாகும் முன்பே உடைந்து, நறநறவென்று திரிந்துவிடும். பிறகு எச்சிலோடு தொண்டைக்குள் போக வேண்டியதுதான்.

சாப்பிட்டு, வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பஞ்சால் புண்ணை ஒரு முறை மெதுவாக ஒற்றி எச்சிலை எடுங்கள். விரல் நுனியிலோ பட்ஸிலோ அரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பேஸ்ட் போதும். புண்ணின் மேல் வைத்து அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். சில நொடிகளில் வழவழப்பான படலம் தெரியும். அது தெரிந்தால் சரியாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். முக்கியமான வேளை இரவு: தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் மருந்து நெடுநேரம் நிற்கும். தேவைப்பட்டால் பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று முறை. ட்யூபின் வாயைப் புண்ணில் நேராக வைக்காதீர்கள்.

இது மரத்துப்போக வைக்காது. லிக்னோகைன் ஜெல்போல உடனே வலி அடங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். படலம் மூடுவதால் உணவு படும்போது எரிச்சல் குறையும், வீக்கத்தை ஸ்டீராய்டு அடக்கும். புண் குழிந்து மஞ்சள் பூத்த பிறகு வைப்பதைவிட, சுருக்கென்று குத்தத் தொடங்கும் முதல் நாளே வைத்தால் பலன் அதிகம். வாங்கும்போது அட்டையில் "ஓரல் பேஸ்ட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். கெனகார்ட் என்ற பேரிலேயே ஊசி மருந்தும் உண்டு, டிரையம்சினோலோன் தோல் களிம்பும் கடையில் கிடைக்கும். தோல் களிம்பு வாய்க்கானது அல்ல.

எல்லாப் புண்ணுக்கும் இதைப் போடக் கூடாது. சாதாரண ஆஃப்தஸ் புண் உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், அடிநாக்கு என்று அசையும் மென்மையான இடங்களில் வரும். வெள்ளையோ மஞ்சளோ நடுவில், சுற்றிலும் சிவப்பு வளையம், அளவு ஒரு சென்டிமீட்டருக்குள். காய்ச்சலோடு ஈறிலும் மேல் அண்ணத்திலும் கொத்துக்கொத்தாகச் சிறு கொப்புளம் வந்தால் அது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். பஞ்சால் துடைத்தால் தயிர்போல உரிந்து வரும் வெள்ளை என்றால் பூஞ்சை: சர்க்கரைக்காரர்கள், பல்செட் போடுகிறவர்கள், ஆஸ்துமா இன்ஹேலர் இழுப்பவர்களிடம் சகஜம். இந்த இரண்டின் மேலும் ஸ்டீராய்டு வைத்தால் நோயை வளர்ப்பதுதான். ஒரு வாரத்தில் தேறாவிட்டால் மருந்தைத் தொடராமல் காட்டுங்கள். மூன்று வாரமாக ஒரே இடத்தில் ஆறாத புண்ணுக்குப் பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) வேண்டியிருக்கலாம், அதற்கு எந்த ட்யூபும் பதில் இல்லை.

போட்டி மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஸைட்டீ வகை ஜெல் வைத்ததும் சுர்ரென்று எரிந்து பிறகு வலி தணியும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய்ஸ் சிண்ட்ரோம் அபாயம் கருதி பிரிட்டன் 2009இல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வகை ஜெல்லை வேண்டாம் என்றது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தடவும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. வாய் முழுக்கப் பல இடத்தில் புண் என்றால் பென்ஸிடமின் 0.15 சதவீதக் கொப்பளிப்பு மருந்துதான் வசதி: 15 மில்லி, அரை நிமிடம், துப்பிவிட வேண்டும். கடுத்தால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். குளோர்ஹெக்ஸிடின் கிருமிக்கு, வலிக்கல்ல. நாள்கணக்கில் போட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துத் தருகிற வீட்டில் அதை நிறுத்தச் சொல்லமாட்டோம். ஆனால் மாதாமாதம் புண் வந்தால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), ஃபோலேட், பி12 பார்த்துவிடுங்கள். பற்பசையின் பின்பக்கம் "சோடியம் லாரில் சல்பேட்" என்ற நுரைப்பொருள் பெயர் இருந்தால், அது இல்லாத பற்பசைக்கு மாறிப் பார்க்கலாம். சிலருக்கு அதிலேயே புண் வருவது குறைகிறது. கடைவாயில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கூர்மையான பல் முனையைத் தேடுங்கள். அதைத் தேய்த்துவிட ஐந்து நிமிடம் போதும்.

புண்ணே இல்லாமல் வாய் எரிகிறவர்கள் இந்தப் பேஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கண்ணாடியில் பார்த்தால் நாக்கு நன்றாக இருக்கும், ஆனால் மிளகாய் கடித்ததுபோல் நாள் முழுக்க எரியும், பலருக்குச் சாயங்காலம் கூடும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணும் இதற்கு பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்று பெயர். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் இருந்து, வேறு காரணம் எதுவும் சிக்காதபோதுதான் அந்தப் பெயர் வைப்பார்கள். நரம்பு சம்பந்தப்பட்டது என்பதால் சிகிச்சையும் வேறு. குளோனஸெபாம் மாத்திரையை விழுங்காமல் மூன்று நிமிடம் வாயில் கரையவிட்டுத் துப்பும் முறை உண்டு, டாக்டர் எழுதினால் மட்டும். பாக்கு, குட்கா போடுகிறவருக்குக் காரம் பட்டால் எரிந்து, வாய் மூன்று விரல் அளவுகூடத் திறக்காவிட்டால் அது வாயின் உட்புறம் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸாக இருக்கலாம். புற்றுக்கு முந்தைய நிலை அது. பாக்கை அன்றே நிறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் பல் பிடுங்கும் டாக்டரைவிட வாய் நோய்களுக்கான "ஓரல் மெடிசின்" படித்தவரைப் பார்ப்பது மேல். பல் மருத்துவக் கல்லூரிகளில் அந்தத் துறை இருக்கும். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றின் அட்டையும் எடுத்துப் போங்கள். மூட்டுவலிக்கான மெதோட்ரெக்ஸேட்டும் நெஞ்சுவலிக்கான நிகோராண்டிலும் வாயைப் புண்ணாக்கக்கூடியவை. புண் எழும்பிய அன்றே செல்போனில் வெளிச்சமான படம் எடுத்து வையுங்கள், டோக்கன் கிடைக்கும் நாளில் அது ஆறியிருக்கும்.