ஒரு பக்கம் மட்டும் தேயுற ரயர்: மெசின் பெட்டி வைத்திருக்கிறவர்கள் கவனத்துக்கு

உழவு மெசினும் அதன் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டியும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இதைக் கடைசி வரை வாசியுங்கோ. ஒரேயொரு பெட்டி ரயருக்குப் பின்னால் ஓடி நான் விட்ட காசு 81,500 ரூபாய். பழசின் மேல் புது ரப்பர் ஒட்டி ரீபில்ட் பண்ணின ரயர் 24,500. புது ரயர் 38,000. சில்லுகளை நேர்பிடிக்கிற அலைன்மென்ற் என்ற பெயரில் 4,000. வெல்டிங் 15,000. இவ்வளவும் தை கடைசிக்கும் வைகாசிக்கும் இடையில். காசு வாங்கின மூன்று இடத்திலும் ஒருவர்கூட என்னுடைய பெட்டியில் அளவு நாடா வைத்துப் பார்க்கவில்லை.

கடைகளின் பெயரைக் கேட்டு ஏற்கெனவே நாலு பேர் போன் எடுத்துவிட்டார்கள். போடமாட்டேன். பெயரைப் போட்டால் கதை சண்டையாகிப் போகும், ரயர் விசயம் மறந்துபோகும்.

எங்கள் வயல் முரசுமோட்டைப் பக்கம். இரணைமடுத் தண்ணீர். காலபோக வெட்டு நேரம், வெட்டு மெசின் கொட்டக் கொட்ட ஏற்றி இறக்கவேண்டும், ஆறுதலாக ஓட நேரமில்லை. ஒரு பின்னேரம் ஐம்பது மூடையோடு வாய்க்காலைக் கடக்கிற போக்கால் திரும்பும்போது பெட்டியின் இடது சில்லு போக்கின் கட்டு மூலையில் நேரே மோதி ஏறி இறங்கியது. மூடை எழுபது கிலோ என்று வைத்தால் மூன்றரைத் தொன். படீர் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன், ரயர் வெடிக்கவில்லை, ரிம் நெளியவில்லை. பிள்ளையாரே என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் ஒருவன் முந்தி வந்து சொன்னான்: "அண்ணை, உங்கட பெட்டி நண்டு மாதிரிப் போகுது." சிரித்துவிட்டு விட்டேன். மெசின் ஒரு தடத்தில், பெட்டி அரைச் சாண் விலகி இன்னொரு தடத்தில் போயிருக்கிறது. ஓட்டுகிற ஆளுக்கு அது தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். அந்தப் பொடியன் காசு வாங்காமல் சொன்ன அந்த ஒரு வரிதான், அடுத்த நாலு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான ஆலோசனை.

மாசி நடுவில் பார்த்தால் இடது ரயரின் உள்விளிம்பு வழித்தெடுத்த மாதிரி. வெளிப்பக்கம் பூ, அதாவது ரயரின் வெட்டு வரி, அப்படியே இருக்கிறது, உள்பக்கம் நூல் தெரிகிறது. ரயர்க்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒருக்கால் குனிந்து பார்த்தார்.

"ரயர் பழசு தம்பி. உள்ளுக்கு விட்டிட்டுது. ரீபில்ட் ஒண்டு இருக்கு, போடுவம். காத்தையும் கொஞ்சம் கூட்டி அடியுங்கோ."

போட்டேன். ஆறு கிழமை. அதே உள்விளிம்பு, அதே வழுக்கை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றுக் குறைந்து ஓடினால் ரயரின் இரண்டு விளிம்பும் சேர்ந்து தேயும். காற்றுக் கூடினால் நடு தேயும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் அது காற்றில்லை, சில்லு சரிந்தோ திரும்பியோ நிற்கிறது. இது ஒரு பெரிய வித்தையில்லை. வருசக்கணக்காக ரயர் கழற்றிப் பூட்டுகிற மனிதருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே விற்றார் என்பதுதான் என் கோபம். ரயர் விற்கிறவருக்கு ரயர்தான் நோய், ரயர்தான் மருந்து. 2020இல் இறக்குமதியை மட்டுப்படுத்தி, பிறகு 2022இல் ரூபாயும் விழுந்து, ரயர் விலை போன உயரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரயரை வீணாக்குவது இப்போது ஒரு பட்டிக் கன்றைத் தொலைக்கிற மாதிரி.

அடுத்தது ரவுணில் உள்ள அலைன்மென்ற் இடம். வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே கொம்பியூட்டர், திரை, கண்ணாடிக் கதவு. நம்பிக்கை வராமல் என்ன செய்யும்? வேலை செய்கிற தம்பி முதலில் சொன்னது, தேய்ந்த ரயரோடு அலைன்மென்ற் பிடிக்கேலாது, புதுசு போடவேணும் என்று. அதுவும் அவர்களிடமே வாங்கவேண்டும். 38,000. பிறகு என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிசம். பெட்டி ஜக்கில் ஏறியதை நான் காணவில்லை. ஒரு நட் இளகின சத்தமும் கேட்கவில்லை. வெளியே வந்து ஒரு தாளைத் தந்தான். பச்சை நிறத்தில் எல்லாம் சரி, சரி, சரி. "இனிப் பயமில்லை அண்ணை."

அந்தத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். பவுத்திரமாக.

சித்திரையில் புது ரயரும் உள்ளுக்குள் தேயத் தொடங்கியது. இந்த முறை நான் காற்றையோ பாரத்தையோ சந்தேகப்பட முதல், அச்சு வளைந்திருக்கும் என்று ஒரு வெல்டிங்காரரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், பொய்யர் இல்லை. ஆனால் அளக்கத் தெரியாத மனிதர். "என்ர கண்ணே நேர் பார்க்கும்" என்று சொல்லிச் சொல்லி, இடது பக்க அச்சைச் சூடாக்கித் தட்டி, பின்பக்கமாக ஒரு கோண இரும்பை வைத்து நீட்டுக்கு ஒட்டிவிட்டார். பலமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ரயர் முன்னையைவிட வேகமாகத் தேய்ந்தது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குச் சனத்தை ஏற்றிப் போகிற எண்ணத்தில் இருந்தோம். இந்த ரயரோடு வட்டுவாகல் பாலத்தால் சனத்தைக் கொண்டுபோக மனம் வரவில்லை. அந்த யோசனையில் இருக்கும்போதுதான் மனைவியின் அண்ணர் சொன்னார், கண்டாவளைப் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார், அந்தக் காலத்தில் மாட்டு வண்டில் செய்தவர், ஒருக்கால் காட்டிப் பார் என்று. எனக்குச் சிரிப்பு. கொம்பியூட்டர் பார்த்ததை வண்டில்காரர் பார்ப்பாரோ?

எண்பதை எட்டின மனிதர். பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். உள்ளங்கையை ரயரில் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழுக்குகிறது, மறுபக்கம் தடவினால் அரம் மாதிரிக் கையைப் பிடிக்கிறது. "சில்லு உருளேல்ல தம்பி, இழுபட்டுக்கொண்டு போகுது" என்றார்.

பிறகு நான் கொண்டுவந்த நைலோன் கயிற்றைத் தூக்கி எறிந்தார். "கயிறு இழுபடும். கட்டுக்கம்பி கொண்டா." மெசினில் கொழுவுகிற வளையத்தின் நடுவிலிருந்து இடது அச்சு முனைக்கு ஒரு கம்பி. அதே வளையத்திலிருந்து வலது முனைக்கு அதே கம்பி. இடது பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம். வண்டில் செய்யும்போது நுகத்தடி நடுவிலிருந்து அச்சின் இரண்டு தலைக்கும் இப்படித்தான் பிடிப்பதாம். ஒத்து வராவிட்டால் ஒரு மாடு இழுக்கும், மற்ற மாடு சும்மா நடக்கும் என்றார்.

என் பெட்டிக்கு ஸ்பிரிங் உண்டு, பழைய லொறியின் ஸ்பிரிங். ஸ்பிரிங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ற்றைக் கழற்றினோம். இடது ஸ்பிரிங் பிளேற்றுகளை ஒன்றாகப் பிடித்து அச்சின் குழிக்குள் இருக்கவேண்டிய நடுப் போல்ற் இரண்டாக அறுந்து கிடந்தது. போக்கில் அடிபட்ட அன்றைக்கே அறுந்திருக்கவேண்டும். அதனால் அச்சு பின்னுக்கு வழுக்கிப் போய்விட்டது. பொடியன் சொன்ன நண்டு நடை இதுதான். சில நூறு ரூபாய்ப் போல்ற்.

ஆனால் ஐயா அதோடு விடவில்லை. நண்டு நடை நடந்தாலும் ஒற்றை அச்சுப் பெட்டியில் ரயர் இந்த வேகத்தில் தேயாது, இன்னொரு பிழை இருக்கவேண்டும் என்றார். ஜக்கில் தூக்கி, சில்லைச் சுற்றவிட்டு, ஓடுகிற ரயரின் நடுவில் வெண்கட்டியை அசையாமல் பிடித்துப் பூ முழுக்க ஒரு கோடு. மற்ற ரயரிலும் அப்படியே. இறக்கி, பெட்டியைக் கொஞ்சம் முன்னுக்கு உருட்டி, முன்பக்கம் கோட்டிலிருந்து கோடு வரை ஒரு அளவு. பின்பக்கம், நிலத்திலிருந்து அதே உயரத்தில், இன்னொரு அளவு. முன்பக்கம் 14 மில்லிமீற்றர் கூட. அதாவது சில்லுகள் முன்னுக்கு விரிந்து நிற்கின்றன. விரிந்தால் உள்விளிம்பு தேயும். ஒடுங்கினால் வெளிவிளிம்பு தேயும். இடது அச்சு முனை அடிபட்டுப் பின்னுக்கு வளைந்திருக்கிறது. வலது ரயரின் உள்விளிம்பும் மெல்லத் தேயத் தொடங்கியிருந்ததை அன்றுதான் கண்டேன். ஒரு சில்லு பிழைத்தால் பெட்டி மற்றதையும் தன்னோடு சேர்த்து இழுக்கும்.

14 மில்லிமீற்றர் என்ன பெரிய கணக்கு என்று நினைத்தேன். மகள் ஏ.எல். தொழினுட்பப் பிரிவு. பின்னேரம் அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ரயரின் விட்டம் கிட்டத்தட்ட 80 சென்ரிமீற்றர். 80 சென்ரிமீற்றருக்கு 14 மில்லிமீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு 17 மீற்றருக்கு மேல். இரண்டு ரயரும் பாதி பாதி பங்குபோட்டாலும் ஆளுக்கு எட்டரை மீற்றர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. பத்துக் கிலோமீற்றர் ஓடினால் எண்பத்தைந்து மீற்றர். மூன்றரைத் தொன் பாரத்தோடு. கிறவல் றோட்டில்.

வெல்டிங்காரரின் ஒட்டையும் ஐயா பார்த்தார். பார்த்து உச்சுக்கொட்டினார். ஒட்டு ஆறும்போது இரும்பு சுருங்கி ஒட்டின பக்கத்துக்கே இழுக்கும். அச்சின் பின்பக்கத்தில் நீட்டுக்கு ஒட்டினால் முனை இன்னும் பின்னுக்குத்தான் போகும். பின்னுக்கு வளைந்த அச்சை இன்னும் பின்னுக்கு இழுக்க நான் 15,000 கொடுத்திருக்கிறேன்.

மகள்தான் லாச்சியிலிருந்து அந்த அலைன்மென்ற் தாளையும் எடுத்து வந்தாள். வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதில நாலு சில்லு போட்டிருக்கு. எங்கட பெட்டிக்கு ரெண்டெல்லோ?"

நாலு சில்லு. முன் சில்லு இரண்டுக்கும் காஸ்டர் கோணமும் போட்டிருக்கிறது. காஸ்டர் என்பது திருப்புகிற சில்லுக்கு உரிய கணக்கு. பெட்டியில் ஸ்ரியறிங் எங்கே இருக்கிறது? வாகன இலக்கம் எழுதுகிற இடம் வெறுமை. யாரோ ஒருவருடைய காரின் தாள் அது. அந்தக் கார்க்காரருடைய அலைன்மென்ற் சரியாக இருந்தது, சந்தோசம்.

தாளோடு போய்க் கேட்டேன். "பெட்டி எண்டால் கொம்பியூட்டர் அப்பிடித்தான் காட்டும் அண்ணை" என்றான். முதலாளி இல்லை என்றான். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு எடுத்து முறையிடலாம் என்று பிறகு யோசித்தேன். ஆனால் என் கையில் பில் இல்லை, கடையின் முத்திரை இல்லை, பெட்டியின் நம்பர் இல்லை. யாரோவின் தாள் ஒன்றுதான் இருக்கிறது. அது என் பிழை. பெட்டிக்கும் தனி நம்பர் இருக்கிறது. அந்த நம்பரை எழுதின பில் இல்லாமல் காசை எடுத்து நீட்டாதேயுங்கோ.

காரில் சில்லைத் திருத்த ரை ரொட் இருக்கும், திருகினால் மாறும். எங்கள் பெட்டியில் திருக ஒன்றுமே கிடையாது. ஒன்று, யூ போல்ற்றை இளக்கி அச்சை நகர்த்தவேண்டும். இல்லாவிட்டால் வளைந்த அச்சை நிமிர்த்தவேண்டும், அல்லது மாற்றவேண்டும். எதையும் இளக்காமல் உங்கள் பெட்டிக்கு அலைன்மென்ற் பிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பிடித்தது உங்கள் காசை.

வேலைக்கு விட முதல், எத்தனை மில்லிமீற்றர் பிழை என்று கேளுங்கோ. உங்கள் கண்முன்னால் அளக்கச் சொல்லுங்கோ. வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் திரும்ப அளந்து, அதற்குப் பிறகு காசு. கோபித்தால் கோபிக்கட்டும். போக முதல் வீட்டிலேயே ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கோ. கடகடத்தால் பெயாரிங் இளகியிருக்கிறது. அதை இறுக்காமல் எடுக்கிற எந்த அளவும் பிழைக்கும். போக்கு, மதகு, வரம்பு ஏதாவதில் சில்லு பலமாக அடிபட்டால் அன்றைக்கே கம்பி பிடியுங்கோ. நான் பிடிக்கவில்லை.

கடைசியில் லேத் வேலை செய்கிற ஒரு கடைச்சல்காரரிடம் அச்சின் இடது முனையை வெட்டி, நேர்பிடித்து, வேறு துண்டு போட்டோம். ஐயா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். வளையத்திலிருந்து இரண்டு முனைக்கும் ஒரே நீளம். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீற்றர். சிறுபோகம் முழுக்க ஓடியாயிற்று, அதற்குப் பிறகு ரயரின் உள்விளிம்பு மட்டும் தனியாகத் தேயவில்லை. ஐயா காசு வாங்கவில்லை. வெட்டு முடிந்ததும் ஒரு மூடை நெல் கொண்டுபோய் இறக்கினேன், அரை மூடையைத் திருப்பி ஏற்றிவிட்டார்.

ரீபில்ட் ரயர் கிணற்றடியில் கிடக்கிறது. யாருக்காவது உள்விளிம்பு தேய்வு எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்கவேண்டுமென்றால் வந்து பாருங்கோ. வெளிப்பக்கப் பூ இன்னும் புதுசு மாதிரித்தான்.