பச்சை முத்திரை போட்ட மிளகுத்தூள்: சரக்கு அருமை, கடைதான் சரியில்லை

வேலூர் தோட்டப்பாளையத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்காக ஊரில் வந்து தங்கியிருப்பவர்கள். நோயாளிக்கும் சேர்த்துக் கேரியரில் வாங்கிப் போவார்கள். கீமோ நடக்கிற பிள்ளைக்குப் போகும் ரசத்தில் என்ன தூள் விழுகிறது என்பது எனக்கு லேசான விஷயம் இல்லை. அதனால்தான் கதிர்வீச்சில் பதப்படுத்திய இந்த மிளகுத்தூளையும், அதை வாங்கிய காந்தி ரோடு பக்கத்துக் கடையையும் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சரக்கு. 100 கிராம் பாக்கெட், சாதாரணத் தூளைவிட விலை கொஞ்சம் கூடுதல். பிரித்ததும் நெடி சுருக்கென்று ஏறுகிறது. கட்டி தட்டவில்லை, நிறமும் வெளுக்கவில்லை. கதிர்வீச்சு பட்டால் வாசனை போய்விடும் என்பார்கள். என் நாக்குக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆம்லெட் மேல் தூவிக் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்.

மிளகுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பறித்த மிளகு வெயிலில் தரையிலும் பாயிலும் கிடந்துதான் காய்கிறது. மண், தூசி, பறவை எச்சம் எல்லாம் படும். காய்ந்த பொருளில் கிருமி இருக்காது என்று நினைக்கிறோம். ஆனால் சில கிருமிகள் கெட்டியான உறை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும், கொதிக்கும் தண்ணீரிலும் தப்பிக்கும். அடுப்பை விட்டு இறக்கிய பிறகு தூவுகிற தூளுக்கு அந்தக் கொதியும் கிடையாது. எதிர்ப்புசக்தி குறைந்த உடம்புக்கு அது போதும், பிரச்சினை ஆரம்பிக்க. கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகத்திலிருந்து வரும் காமா கதிரைப் பாய்ச்சினால், சூடு ஏற்றாமலே இந்தக் கிருமிகளைப் பெருமளவு ஒழித்துவிடலாம். பொருளில் எவ்வளவு கதிர் இறங்குகிறது என்பதைக் கிலோகிரே கணக்கில் அளக்கிறார்கள். மசாலாவுக்கு இங்கே 6 முதல் 14 கிலோகிரே வரை. வெங்காயம் முளைக்காமல் இருக்க 0.2க்குள்ளேயே வேலை முடிந்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாவுக்கு நம் நாட்டில் 1994இலேயே அனுமதி வந்துவிட்டது. நவி மும்பை வாஷியில் 2000இலிருந்து மசாலாவுக்கான பிளாண்ட் ஓடுகிறது.

ஆனாலும் பெயரைக் கேட்டால் பயம். குடியாத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மனைவியின் ரேடியேஷன் சிகிச்சைக்காகத் தங்கியிருப்பவர், பாக்கெட்டை எடுத்துப் படித்துவிட்டு, "இன்னாம்மா, அங்கதான் ரேடியேஷன்னா இங்கயுமா?" என்றார்.

"ஐயா, அம்மா அந்த ரூம்ல இருந்து வெளிய வந்ததும் கையப் புடிச்சுக் கூட்டிக்கினுதான வர்றீங்க? உங்களுக்கு எதுனா ஒட்டிக்குதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காத மாதிரிதான் மிளகிலும் தங்காது. கோபால்ட் மிளகைத் தொடுவதே இல்லை. அதன் கதிருக்கு மிளகைக் கதிரியக்கப் பொருளாக மாற்றுகிற சக்தியும் இல்லை.

10 கிலோகிரே வரை பதப்படுத்திய உணவால் ஆபத்து இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1980இல் சொன்னது. அதற்கு மேற்பட்ட அளவையும் 1997இல் இன்னொரு குழு ஆராய்ந்து, உச்சவரம்பே தேவையில்லை என்றது. ஐரோப்பாவில் மசாலாவுக்கு இன்றும் 10தான் வரம்பு. நாள் முழுக்க ஒருவர் வயிற்றுக்குள் போகிற மிளகு அரை ஸ்பூன்கூட இருக்காது என்பதால் எனக்கு இதில் பயமில்லை. அதற்காக எதையும் எவ்வளவும் கதிர்வீச்சு செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் மிக அதிக அளவு கதிர்வீச்சு செய்த இறக்குமதித் தீவனத்தைத் தின்ற பூனைகளுக்கு நரம்பு பாதித்துக் கால்கள் தள்ளாடின. 2009இல் பூனைத் தீவனத்துக்கு அங்கே கதிர்வீச்சையே தடை செய்துவிட்டார்கள். அதனால் எந்தப் பொருளுக்கு, எதற்காகச் செய்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் கடை மேல் எனக்குக் கோபம். சட்டப்படி பாக்கெட்டில் பச்சை முத்திரை இருக்க வேண்டும்: உடைந்த வட்டத்துக்குள் இரண்டு இலையும் மேலே ஒரு புள்ளியும். கூடவே எந்த நோக்கத்துக்காக, எந்தத் தேதியில், எந்த லைசென்ஸில் செய்தது என்ற விவரமும். கம்பெனிக்காரர்கள் எல்லாம் அச்சடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் அதன் மேலேயே தங்கள் விலை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கரோடு பாதித் தேதியும் உரிந்து வருகிறது. கவுன்டரில் இருந்த தம்பியிடம் காட்டினேன். "அது சைவ முத்திரைக்கா" என்றான். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, அது பக்கத்திலேயே தனியாக இருந்தது. அவனைக் குறை சொல்லவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

இதைவிட மோசம் லூஸ் பகுதி. இதே கம்பெனியின் பெரிய பையைப் பிரித்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, வெள்ளைக் கவரில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். டப்பா மேல் 'மிளகுத்தூள்' என்பதோடு சரி. சில்லறையாக விற்றாலும் அந்த டப்பா மேல் முத்திரையும் வாசகமும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தர விதி. அதைவிட, ஒரே கரண்டி மல்லித்தூளுக்கும் மிளகுக்கும் மாறி மாறிப் போகிறது. கிருமி நீக்கிய சரக்கைத் திறந்து வைத்த அந்த நிமிஷமே நாம் கொடுத்த கூடுதல் காசுக்கு அர்த்தம் போய்விட்டது. கதிர்வீச்சு கிருமிக்குத்தான், அதுவும் ஒருமுறைதான். சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை விட்டுப்போன நஞ்சையோ, பூச்சிமருந்தையோ, கலப்படச் சாயத்தையோ அது எடுக்காது.

2024இல் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவின் மிச்சம் இருக்கிறதென்று ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் மசாலாப் பாக்கெட்டுகள் சிலவற்றை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது நினைவிருக்கும். கிருமியைக் கொல்லத்தான் அந்த வாயுவையும் அடிக்கிறார்கள். மிச்சம் விடாத முறை கையில் இருக்கும்போது, அதைச் சொல்லி விற்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

மேனேஜரிடம் ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். மூடிய மிளகுத்தூள் பாக்கெட்டை அங்கே தொடர்ந்து வாங்குவேன், ஸ்டிக்கரைத் தூக்கித் தேதி பார்த்துவிட்டு. லூஸ் தூள் மட்டும் வேண்டாம். மல்லியும் மிளகாயும் முழுசாக லாங் பஜாரில் எடுத்து, மாடியில் காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைத்துக்கொள்கிறேன்.