பாஸ்தா இரவுணவுக்கு ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா, அடுப்பா?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், வார நாள் இரவுக்குப் பாஸ்தா செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: அடுப்பில் ஒரு பாத்திரத்தில் சாஸும் இன்னொன்றில் பாஸ்தாவுமாகச் செய்வது, எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பது, ஸ்லோ குக்கரில் காலையிலேயே சாஸை வைத்துவிட்டு மாலையில் பாஸ்தாவைச் சேர்ப்பது. நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று வழிகளிலும் சமைத்துப் பார்த்த பிறகு, திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்லோ குக்கர்தான் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆனாலும் மற்ற இரண்டும் எங்கே மேலானவை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். சாதாரண ஸ்லோ குக்கர் எலக்ட்ரிக் பிரஷர் குக்கரைவிட விலை குறைவு. மின்செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் ஸ்லோ குக்கர் பல மணி நேரம் ஓடினாலும் அது எடுப்பது 200 முதல் 300 வாட் வரைதான். சுவையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அடுப்புதான் முதலிடம். அகலமான பாத்திரத்தில் தக்காளி சுண்டி வரும்போது கிடைக்கும் செறிவும், தளதளவென்று கொதிக்கும் நீரில் வெந்த பாஸ்தாவின் பதமும் வேறு எதிலும் அப்படியே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரம் இருக்கும்போது நாங்களும் அடுப்பில்தான் செய்கிறோம்.

ஆனால் வார நாளில் எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது சுவையும் அல்ல, விலையும் அல்ல. சமையல் வேலை நாளின் எந்த நேரத்தில் நம் தலையில் விழுகிறது என்பதுதான். சமையல் சாதனங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மொத்தம் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இரவு 9 மணிக்குச் செலவாகும் 15 நிமிடமும் மாலை 6 மணிக்குச் செலவாகும் 15 நிமிடமும் ஒன்றல்ல. மாலை 6 மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசி, வீட்டுப்பாடம், கால்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பும் அவசரம், அலுவலகத்திலிருந்து வரும் கடைசித் தொலைபேசி அழைப்பு எல்லாம் ஒன்றாகக் குவிகின்றன. இரவு 9 மணிக்கு அடுக்களை அமைதியாக இருக்கிறது. வெங்காயம் நறுக்குவது அப்போது ஒரு பாரமே இல்லை.

இந்த அளவுகோலில் அடுப்பு தோற்றுவிடுகிறது. 450 கிராம் பாஸ்தாவுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும். வாடகை வீடுகளில் இருக்கும் கம்பிச்சுருள் மின்னடுப்பில் அது கொதிக்கவே கால் மணி நேரம் ஆகும். பென்னே என்ற குழாய் வடிவப் பாஸ்தா வேக 11 நிமிடம், சாஸுக்கு அரை மணி நேரம் என்று, ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தாலும் ஒருவர் 40 நிமிடம் அடுப்படியை விட்டு நகர முடியாது. அதுவும் சரியாக அந்த நெருக்கடி நேரத்தில்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் இதைவிட வேகமானது என்பதில் சந்தேகமில்லை. ஆவி சேர 10 நிமிடம், வேக 4 அல்லது 5 நிமிடம், பிறகு சிறிது காத்திருந்து ஆவியை வெளியேற்றினால் 25 நிமிடத்திற்குள் சாப்பாடு தயாராகிவிடும். பாஸ்தா பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தில் பாதி, அதிலும் ஒரு நிமிடம் குறைத்து வைத்தால் பதம் நன்றாகவே வருகிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்த பிறகுதான் இதைத் தொடங்க முடியும். காலையிலேயே எல்லாவற்றையும் போட்டு, மாலையில் தானாகத் தொடங்கும்படி டைமர் வைத்தால், பாஸ்தா தண்ணீரில் ஊறிக் களியாகிவிடும். தவிர, கெடக்கூடிய உணவை 2 மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் வைக்கக் கூடாது என்று அமெரிக்க வேளாண் துறையும் எச்சரிக்கிறது. ஆவியை வெளியேற்றும்போது மாவு கலந்த நுரை வால்வு வழியே பீறிட்டு வரும் என்பதால் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவும் முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தக் குக்கரில் சுமார் 1000 வாட் வெப்பம் முழுவதும் அடிப்பாகத்திலிருந்தே வருகிறது. கெட்டியான தக்காளி சாஸ் அடியில் தங்கினால் அடிப்பிடிக்கத் தொடங்கி, எச்சரிக்கை காட்டிக் குக்கர் பாதியில் நின்றுவிடும். தண்ணீரையும் பாஸ்தாவையும் கீழே வைத்து, தக்காளியைக் கிளறாமல் மேலே ஊற்றினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் களைத்துப்போன மாலையில் இந்த அடுக்கு வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஸ்லோ குக்கரின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் வெப்பக் கம்பி பீங்கான் பாத்திரத்தின் பக்கவாட்டைச் சுற்றியே ஓடுகிறது. குறைந்த வெப்பம், கனமான பீங்கான், இறுகப் படியும் மூடி ஆகிய மூன்றும் சேர்ந்து, யாரும் கிளறாமலே சாஸை அடிப்பிடிக்காமல் காக்கின்றன. இந்தச் சாதனம் பிறந்த கதையே இதை விளக்கும். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன், லித்துவேனியாவில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள், சமைக்கக் கூடாத ஓய்வுநாள் தொடங்குமுன் சோலண்ட் என்ற பீன்ஸ் குழம்பை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிட்டதைக் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு, அதற்கு ஈடான மின்பாத்திரம் ஒன்றை உருவாக்கி 1940இல் காப்புரிமை பெற்றார். கன்சாஸ் நகரத்தின் ரைவல் நிறுவனம் அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971இல் க்ராக்-பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீண்ட நேரம் யாரும் அருகில் இல்லாமல் குழம்பு வேக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பாத்திரம் இது; பாஸ்தாவை வேகவைக்கச் செய்யப்பட்டதன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, சாஸை அதன் போக்கில் நாள் முழுவதும் விட்டுவிட்டு, பாஸ்தாவைக் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் உள்ளே அனுப்பினால் இது மிக நல்ல துணை. காலையிலேயே பாஸ்தாவையும் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாவுச்சத்து மணிக்கணக்கில் நீரை உறிஞ்சி உப்பிக் கரைந்து, எல்லாம் கூழாகிவிடும்.

நால்வருக்கு எங்கள் அளவு இது: 794 கிராம் நொறுக்கிய தக்காளி டின் ஒன்று, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு 5 பல், தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி, அரை கப் மைசூர்ப் பருப்பு, ஆலிவ் எண்ணெய், ஒரிகானோ, மிளகாய்த் துகள், உப்பு, சுமார் மூன்றரை கப் தண்ணீர். முந்தின இரவே வெங்காயத்தையும் பூண்டையும் தக்காளி விழுதோடு சிவக்க வதக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். இந்த வதக்கலைத் தவிர்க்கக் கூடாது. ஸ்லோ குக்கரில் கொதிநிலைக்கு மேல் சூடு ஏறாது; ஆகவே எதுவும் சிவக்காது, பச்சையாகப் போட்ட வெங்காயத்தின் நெடியும் முழுமையாகப் போகாது. வதக்க நேரமில்லையென்றால் எண்ணெய் விட்டுப் பிசறி மைக்ரோவேவில் 5 நிமிடம் வைத்தெடுத்தாலும் ஓரளவு தேறும். காலையில் எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, லோ நிலையில் 8 மணி நேரம் வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பருப்பைச் சேர்ப்பது சாஸுக்குச் சதைப்பற்றைக் கொடுக்கத்தான். தக்காளியின் புளிப்பில் பருப்பு மெதுவாகத்தான் வேகும் என்பதால் அடுப்பில் இது பொறுமையைச் சோதிக்கும். இங்கே 8 மணி நேரம் இருப்பதால் கவலையில்லை.

பாஸ்தாவுக்கு வேண்டிய தண்ணீரையும் காலையிலேயே ஊற்றிவிடுவதுதான் இந்த முறையின் உயிர்நாடி. மூடியில் படியும் ஆவி மீண்டும் பாத்திரத்துக்குள்ளேயே விழுவதால், ஊற்றிய தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாலையில் திறந்து பார்த்தால் சாஸ் ரசம்போல நீர்த்திருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அந்த நீர் முழுவதும் பாஸ்தாவின் பங்கு. நேரம் முடிந்து வார்ம் நிலைக்கு மாறியிருக்கும் குக்கரை, ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் 5 மணிக்கு ஹை நிலைக்குத் திருப்புவாள். அரை மணி நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றிச் சிறு குமிழ்கள் எழும். அதைப் பார்த்த பிறகே, எடுத்து வைத்திருக்கும் 340 கிராம் பென்னேயைக் கொட்டி, எல்லாத் துண்டுகளும் மூழ்கும்படி ஒருமுறை கிளறி மூடிவிடுவாள். கால் மணி நேரத்தில் இன்னொரு கிளறல். 25ஆவது நிமிடத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று மிச்சமிருக்கும். அது மறையும் தறுவாயில் குக்கரை அணைத்துவிட்டால், பரிமாறுவதற்குள் மீதியும் சூட்டிலேயே வெந்துவிடும். இதில் கத்தி, தீ, பீறிடும் ஆவி எதுவும் இல்லை. மூடியைத் தன் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். நாங்கள் இருவரும் வீடு வந்து சேரும்போது சாப்பாடு தயாராக இருக்கிறது. மற்ற இரண்டு வழிகளிலும் இது நடக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மொத்த உழைப்பு குறைவதில்லை, நேரம் மாறுகிறது, அவ்வளவுதான். எல்லாப் பாஸ்தாவும் இதற்கு ஒத்துவராது. பென்னே, ரிகட்டோனி போன்ற தடித்தவை நிற்கும், மெல்லிய ஸ்பெகட்டி ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். முன்கூட்டியே பாலோ கிரீமோ சேர்த்தால் புளிப்பில் திரிந்துபோகும். கடைசி 10 நிமிடத்தில் சேர்க்க வேண்டும். வெந்த பாஸ்தாவை வார்ம் நிலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் குழைந்துவிடும். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கும் என் மாமியாருக்கு அந்தக் குழைவுதான் பிடிக்கும் என்பதால் அவர் பங்கு கடைசி வரை உள்ளே இருக்கும். தாமதமாக வருகிறவருக்கு உடனே ஒரு டப்பாவில் எடுத்துவைத்து மீண்டும் சூடாக்குவதே நல்லது.

எங்கள் வீட்டில் சைவம் மட்டுமே என்பதால் இறைச்சி சாஸ் பற்றி அனுபவத்தோடு பேச என்னால் இயலாது. உறைந்த இறைச்சியை அப்படியே போடாமல் முழுவதும் உறைவு நீக்கிப் போட வேண்டும் என்ற பாதுகாப்பு விதியை மட்டும் நினைவூட்டுகிறேன். சைவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பருப்புக்குப் பதிலாக ராஜ்மா சேர்க்க நினைத்தால், ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதிலுள்ள பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மிதமான சூட்டில் அதன் வீரியம் கூடவும் செய்யும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே சேர்க்கலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்ததால் கவலையில்லை. மேலே தூவும் சீஸிலும் கவனம் வேண்டும்: இத்தாலியின் அசல் பார்மிஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னெட் கொண்டு தயாராவது, ஆகவே சைவ ரென்னெட் என்று குறிப்பிட்ட பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

பராமரிப்பிலும் ஸ்லோ குக்கர் பக்கமே சாய்கிறேன். பிரஷர் குக்கர் மூடியின் சிலிகோன் வளையம் வாசனையை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும்; சாம்பார் வைத்த வளையத்தோடு பாஸ்தா செய்தால் பெருங்காயம் தெளிவாகத் தெரியும். தனி வளையம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்ற மறக்கக் கூடாது. பளபளப்பான பீங்கானில் வாசனை தங்காது. சாஸ் மட்டத்தில் ஓரமாகக் கறுத்துக் காய்ந்து நிற்கும் வளையம் மட்டுமே சிரமம். வெந்நீர் நிரப்பி இரவு முழுவதும் ஊறவிட்டால் பஞ்சிலேயே வந்துவிடும். சூடான பீங்கானில் குளிர்ந்த நீரை மட்டும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

வாங்குவதானால், நால்வருக்கு 4 குவார்ட், அதாவது 3.8 லிட்டர் அளவே போதும். பாத்திரம் பாதியாவது நிறைந்திருந்தால்தான் வேக்காடு சீராக இருக்கும். 6 குவார்ட் பாத்திரத்தில் இதே அளவைச் செய்தால் ஓரங்கள் காய்ந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள், அதிலேயே ஸ்லோ குக் பொத்தான் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் வெப்பம் கீழிருந்து மட்டும் வருவதால், எங்கள் குக்கரில் லோ நிலை மிகவும் மந்தமாக இருந்தது, பருப்பு வேகவில்லை. அதிக நிலையில் வைத்தபோது சரியாக வந்தது. மாடலுக்கு மாடல் இது மாறக்கூடும் என்பதால், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு சனிக்கிழமையில் முதலில் அதில் செய்து பாருங்கள், சரிப்பட்டுவராவிட்டால் மட்டும் தனி ஸ்லோ குக்கர் வாங்குங்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்கானது. ஊருக்கு எடுத்துப்போய் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருக முடியாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.