ராட் பாடா, பேங்க் ஸ்டிக்கா? கோன் பள்ளத்தாக்கின் கெண்டைக் குளங்களில் நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

கெண்டை பிடிக்கச் சாமான் வாங்கும்போது தூண்டில் கோலுக்கும் ரீலுக்கும் காட்டுகிற அக்கறையில் கால் பங்கைக்கூட அவற்றைத் தாங்கி நிற்கும் பொருளுக்கு யாரும் காட்டுவதில்லை. ஆனால் இங்கிலாந்துக் குளக்கரையில் இரவைக் கழிப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பதும், கடித்த மீனைத் தெரியாமலே தவறவிட வைப்பதும் பெரும்பாலும் அந்தத் தாங்கிதான். லண்டனின் வடமேற்கில் ஹாரோவில் குடியிருந்துகொண்டு, பக்கத்துக் கோன் பள்ளத்தாக்குக் குளங்களில் பல பருவங்களாக இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண் இடம் கொடுக்கிற கரையில் பேங்க் ஸ்டிக், இடம் கொடுக்காத கரையில் மட்டும் ராட் பாட்.

புதிதாக வருபவர்களுக்காக: பேங்க் ஸ்டிக் என்பது கரையில் குத்தி நிறுத்தும் உலோகக் குச்சி. அதன் தலையில் இருக்கும் மரையில், மீன் கடித்தால் ஒலிக்கும் அலாரத்தைத் திருகி, அலாரத்தின் கவட்டில் கோலைக் கிடத்த வேண்டும். பின்னால் இன்னொரு குச்சி கோலின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ராட் பாட் தன் கால்களிலேயே நிற்கும் சட்டம். குறுக்குச் சட்டங்களில் மூன்று கோல்களை வரிசையாக வைக்கலாம். தரையில் எதையும் குத்த வேண்டியதில்லை.

ஊரில் ஒரு கவைக்குச்சியை ஒடித்துக் கரையில் நட்டால் வேலை முடிந்தது. இங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1952 செப்டம்பரில் ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்துச் சாதனை படைத்த ரிச்சர்ட் வாக்கர்தான் மின் அலாரத்தையும் உருவாக்கியவர். அலாரம் வந்த பிறகு தாங்கியின் வேலையே வேறாகிவிட்டது. தாங்கினால் மட்டும் போதாது, அசையாமல் தாங்க வேண்டும். தூண்டில் நரம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் அலாரத்துக்குள் இருக்கும் சின்னச் சக்கரம் உருண்டு ஒலி எழுப்பிவிடும். சக்கரம் இல்லாமல் நரம்பின் அதிர்வையே உணரும் அலாரமும் உண்டு. அதைத் தள்ளாடும் சட்டத்தின் மேல் மாட்டிவிட்டுக் காற்றடிக்கும் இரவில் படுத்தால், மறுநாள் வேலைக்குப் போவது சிரமம்தான்.

கோன் பள்ளத்தாக்கில் நாம் குளம் என்று சொல்வதில் பெரும்பகுதி இயற்கையாக உண்டானதல்ல. சரளைக்கல் தோண்டியெடுத்த குழிகளில் நீர் நிரம்பியவை அவை. இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ரிக்மன்ஸ்வொர்த்தில் தோண்டிய சரளை, 1920களில் பழைய வெம்ப்ளி அரங்கத்தைக் கட்டப் போயிருக்கிறது. இன்று வெம்ப்ளியில் முருங்கைக்காய் வாங்கப் போகிற நம்மவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! ஆகவே கரையில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல்தான். “இங்கே குச்சி இறங்காது, பாட் வாங்கிவிடுங்கள்” என்று கடைக்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் பெரும்பாலான கரைகளில் குச்சி இறங்கும். இறக்குவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவே.

சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அலுமினியக் குச்சியின் தலையில் அடித்தால் விளிம்பு நசுங்கி மரை கெட்டுவிடும். பிறகு அலாரம் ஏறாது. நுனியில் சுருள் வெட்டியிருக்கும் குச்சியாகப் பார்த்து வாங்கி, தலைக்குக் கீழே உள்ள துளையில் குறுக்குக் கம்பியைச் செருகி, இடமும் வலமுமாகத் திருகியபடியே மேலிருந்து உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும். கல்லில் உரசும் கறகறப்பு உள்ளங்கை வரை ஏறும். ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அடியில் பெரிய கல் இருக்கிறது என்று பொருள். அதனோடு மல்லுக்கட்டாமல் பிடுங்கி நான்கு விரல் தள்ளிக் குத்தினால் வழி கிடைத்துவிடும். இறங்கிய பின் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சற்றே ஆடினாலும் இன்னும் இரண்டு திருகு திருகுங்கள்.

இந்தப் பாடு எதற்கு என்றால், ஒவ்வொரு கோலையும் அதன் இரை கிடக்கும் திசைக்கு நேராகத் திருப்பி வைக்கலாம் என்பதற்காகத்தான். என் மட்டில் பேங்க் ஸ்டிக்கின் பக்கம் நிற்க இந்த ஒரு காரணமே போதும். இடது ஓரத்து வில்லோ மரத்தடியில் ஓர் இரை, நடுக்குளத்து மேட்டில் ஒன்று, வலப்பக்க நாணலோரம் ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். ராட் பாடில் மூன்று கோல்களும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்க்கும். ஓரத்து இரைகளுக்குப் போகும் நரம்பு கோல் நுனியின் வளையத்தில் மடிந்து திரும்பும். அந்த மடிப்பில் உராய்வு கூடுகிறது. மீன் வெடுக்கென்று இழுத்தால் எப்படியும் தெரிந்துவிடும். குளிர்காலக் கெண்டை இரையைத் தயங்கித் தயங்கித் தொடும்போது மட்டும், அந்த மெல்லிய அசைவு வளையத்தோடு நின்றுவிடும். கோலும் நரம்பும் ஒரே கோட்டில் இருந்தால் அது நேரே அலாரத்துக்கு வந்து சேரும். நீரில் மூழ்கிய மரக்கிளைகளுக்கு அருகே ரீலை இறுக்கிப் பூட்டி மீன்பிடிக்கும்போது இந்த நேர்கோடு இன்னும் முக்கியம். கோல் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும் அந்த ஓரடி நரம்பே கெண்டைக்குக் கிளைக்குள் புகப் போதும்.

ஆனால் குச்சிகளை இஷ்டத்துக்குப் பரப்பிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கோல் போடுகிறவர், இரு ஓரங்களிலும் உள்ள கோல்களின் அடிகளுக்கு இடையே 3 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது சட்டம். கோலைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுப் போவதும் குற்றம். மூன்று கோலுக்கு அதற்குரிய லைசென்ஸும் வேண்டும்.

ராட் பாடில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. நள்ளிரவில் ஒரு கோலில் மீன் கடிக்கிறது. ஓடிப்போய் அதைத் தூக்குகிறீர்கள். தூக்கிய வேகத்தில் சட்டம் முழுவதும் அதிர்ந்து மற்ற இரண்டு அலாரங்களும் சேர்ந்து அலறும். எதிர்க்கரையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கும் ஓசை கேட்கும். தனித்தனிக் குச்சிகளில் இந்தச் சங்கடம் கிடையாது. எடை குறைந்த பாட் என்றால் பெரிய மீனின் முதல் இழுப்பில் முன்கால்களை ஊன்றிப் பின்பக்கம் எழும்பவும் செய்யும். அதற்காக நடுச்சட்டத்தில் தண்ணீர்ப் பையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எடையைக் குறைக்கப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு எடையைக் கட்டித் தொங்கவிடுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் பாட் எதற்கு? கான்கிரீட் கரை, கல் பாவிய சரிவு, தார் போட்ட ஆற்றோரப் பாதை: இங்கெல்லாம் வேறு வழியில்லை. ஆறுகளில் பருவம் தொடங்கும் ஜூன் 16-க்குப் பிறகு தேம்ஸுக்குப் போகும்போது பாட் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஓடும் நீரில் மிதந்துவரும் பாசியும் குப்பையும் நரம்பில் சிக்காமலிருக்க, கோல் நுனிகளை வானம் பார்க்க உயர்த்தி வைக்க வேண்டும். முன்கால்களை நீட்டவும் பின்கால்களைக் குறுக்கவும் முடிகிற பாட் அங்கே அருமையாக உழைக்கிறது.

உழைப்பு என்றதும் தேய்மானத்தையும் சொல்ல வேண்டும். என் பாடில் முதலில் போனது கால்களின் நீளத்தைப் பூட்டும் பிளாஸ்டிக் வளையங்கள். உள்ளே மணல் புகுந்து, பூட்டிய கால் பாரம் ஏறியதும் மெல்ல இறங்கத் தொடங்கியது. கால்களைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால் சில வாரங்கள் தாங்கும், பிறகு பழைய கதை. உறைபனிக் காலையில் அந்த வளையங்கள் திரும்பவே மறுக்கும். விரல்தான் மரத்துப் போகும். துருப்பிடிக்காத எஃகுக் குச்சிகளில் நீட்டிக் குறுக்கும் குழாய் வேண்டுமென்றால் உண்டு. நான் ஒற்றைத் தண்டுக் குச்சிகளையே வாங்கினேன். அவற்றில் கெட்டுப்போக எதுவும் இல்லை. நுனியில் கீறல்கள் விழுந்திருக்கின்றன, மரை இன்றும் புதிதாகவே இருக்கிறது. அலுமினியத்தை விடக் கனம் அதிகம். தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டு போகிறவர்களுக்கு அது பொருட்டல்ல.

வாங்கப் போகிறவர்கள் மரையைக் கவனியுங்கள். அலாரம், குச்சி, குறுக்குச் சட்டம் எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் கம்பெனிகள் போடுவது 3/8 அங்குல பி.எஸ்.எஃப் (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) மரை. எந்தக் கம்பெனியின் அலாரமும் எந்தக் கம்பெனியின் குச்சியிலும் ஏறும். கேமரா முக்காலியில் இருக்கும் 3/8 அங்குல மரை வேறு ரகம். அங்குலத்துக்கு அதில் 16 சுற்று, இதில் 20. இரண்டையும் வலிந்து திருகினால் இரண்டும் பாழ். ஒரே மாதிரி மரை என்பதால் பழைய எஃகுக் குச்சிகளைப் பாதி விலைக்கு வாங்குவதில் தயக்கமே வேண்டாம். பழைய ராட் பாட் வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு காலையும் நீட்டிப் பூட்டி, மேலே கையை ஊன்றி அழுத்திப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

மரப்பலகை மேடை போட்ட குளங்கள் தனிக் கதை. பலகையில் திருகிப் பதிக்கும் சிறிய அடித்தளங்கள் கடைகளில் கிடைக்கின்றன. பேங்க் ஸ்டிக்கின் அத்தனை நன்மையும் மேடையிலேயே கிடைத்துவிடும். ஆனால் பலகையில் ஓட்டை போடக் கூடாது என்று தடை போட்டிருக்கும் சங்கங்களும் உண்டு. போகும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். தடை இருந்தால் பாடை எடுத்துப் போங்கள். அதன் கால்கள் பலகை இடுக்கில் இறங்காதபடி நான்கு ரப்பர் துண்டுகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.