சியோலில் மரபு உணவு: அரச விருந்தா, சூப் கடையா, மடத்துச் சமையலா?

சியோலில் ஒரே உணவகத்தில் சாப்பிட்டு வந்த இருவரிடம் கேட்டுப் பாருங்கள். "வாழ்நாளில் அப்படி ஒரு விருந்தைக் கண்டதில்லை" என்பார் ஒருவர். "கிண்ணம் கிண்ணமாக வந்தது, எதிலும் உப்பு உறைப்பு இல்லை" என்பார் மற்றவர். இருவரையுமே நான் நம்புகிறேன். 'மரபு உணவகம்' என்ற பலகையின் கீழ் அந்த நகரத்தில் குறைந்தது மூன்று வெவ்வேறு சமையல்கள் நடக்கின்றன. ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றுக்குள் நுழைந்தவர்தான் பெரும்பாலும் முகம் சுளித்தபடி வெளியே வருகிறார்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால், இறைச்சி சாப்பிடுபவர் பழைய சூப் கடைக்குப் போக வேண்டும். சைவர் பௌத்த மடத்துச் சமையலுக்குப் போக வேண்டும். எல்லோரும் முதலில் ஆசைப்படுகிற அரச விருந்தை நான் மூன்றாம் இடத்தில் வைக்கிறேன்.

அந்த விருந்துக்கு ஹான்ஜோங்சிக் என்று பெயர். சியோலில் அது வரிசை முறையில் வரும். முதலில் ஒரு சிறு கிண்ணம் கஞ்சி, கூடவே நீர்க் கிம்ச்சி (கிம்ச்சி என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறி). பிறகு ஒன்பது அறைகள் கொண்ட தட்டில் குஜொல்பான்: சுற்றியுள்ள எட்டு அறைகளில் மெல்லிய நறுக்குகளாகக் காய்கறி, காளான், முட்டை, இறைச்சி, நடு அறையில் காகிதம் போன்ற மாவு அடைகள். வேண்டியதை எடுத்து நாமே சுருட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து முட்டையில் தோய்த்துச் சுட்ட மீன் துண்டுகள், நடுவில் புகைபோக்கி வைத்த பித்தளைப் பாத்திரத்தில் ஷின்சொல்லோ என்ற கலவைச் சூப், மெதுவாக வேகவைத்த மாட்டு விலா இறைச்சி. சோறும் சோயா விழுதுக் குழம்பும் கிம்ச்சியும் கடைசியில்தான் வரும். வாழை இலையில் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்து, சோற்றில் பிசைந்து சாப்பிடும் நமக்கு இந்த வரிசை பொறுமையைச் சோதிக்கும். சோறு வரும் நேரத்தில் வயிறு நிறைந்திருக்கும்.

'அரசர் உண்ட உணவு' என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொரியாவை ஆண்ட ஜோசன் மரபின் அரசருக்கு 12 பதார்த்தங்கள் கொண்ட மேசை என்பது எங்கும் சொல்லப்படுகிற செய்தி. ஆனால் 1795இல் ஜொங்ஜோ அரசர் தம் தாயின் 60ஆம் ஆண்டு நிறைவுக்காக ஹ்வாசொங் கோட்டை நகருக்குச் சென்ற பயணத்தின் அரசுப் பதிவேடு கையில் இருக்கிறது. அதில் தாயின் மேசை நிறைந்திருக்கிறது; அரசரின் மேசையில் ஏழு கிண்ணங்கள்தான். அரண்மனைச் சமையல் இன்றுவரை பிழைத்திருப்பதற்குப் பெரும் காரணம் இரண்டு பெண்கள். அரண்மனை அடுக்களையின் கடைசிப் பணிப்பெண்களில் ஒருவரான ஹான் ஹுய்சுன் தம் கைப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஹ்வாங் ஹேசொங் அதை ஆண்டுக்கணக்கில் கற்று எழுதி வைத்தார். 1971இல் கொரிய அரசு அந்தச் சமையலைக் காக்கப்பட வேண்டிய மரபுச் செல்வமாக அறிவித்தது. இன்று உணவகங்களில் கிடைப்பது அந்தக் கைமரபோடு, இருபதாம் நூற்றாண்டு விருந்து மண்டபங்களின் பகட்டும் கலந்த ஒன்று. அதில் ஏமாற்று இல்லை, வேலைப்பாடு உண்மையானது. ஆனால் ஓர் அரசரின் அன்றாடச் சாப்பாடு என்று எண்ணிப் போகாதீர்கள்.

குறைகள் எங்கே எழுகின்றன? இருபது சிறு தட்டுகளைத் தயாரிக்கும் அடுக்களை, பலவற்றை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்தாக வேண்டும். வறுவல் ஆறிப்போகும், கீரை நீர் விடும். காரம் அநேகமாக இருக்காது. கொரியச் சாப்பாடு என்றாலே சிவந்து எரியும் என்று நினைப்பவர்களுக்கு இது பெரும் ஏமாற்றம். மிளகாய் அந்த நாட்டுக்குள் நுழைந்ததே பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான். அரண்மனைச் சமையலின் அடிப்படைச் சுவைகள் சோயா, எள்ளெண்ணெய், பைன் கொட்டை ஆகியவை. இன்னொரு குறை தனியாகப் போகிறவர்களுடையது. பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறைந்து பரிமாற மாட்டார்கள். விலையோ சூப் கடையைப் போல் பல மடங்கு. நிறைவாகப் பேசுகிறவர்கள் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் நான்கைந்து பேராகப் போனவர்கள், பெற்றோரின் பிறந்த நாள் போன்ற காரணத்தோடு போனவர்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச நேரம் இருந்தவர்கள். 1957இல் தொடங்கப்பட்ட கொரியா ஹவுஸ் போன்ற இடத்தில் சாப்பாட்டோடு மரபு இசையும் நடனமும் காணக் கிடைக்கின்றன. அதை ஒரு மாலை நிகழ்ச்சியாகக் கருதினால் கொடுத்த பணம் வலிக்காது. பசிக்குச் சாப்பிடப் போனால் வலிக்கும்.

இனி சூப் கடைகள். எனக்கு நெருக்கமானவை இவை.

ஜோங்னோ பகுதியில் உள்ள இமுன் சொல்லொங்தாங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. சியோலின் மிகப் பழைய உணவகமாகக் கருதப்படுகிறது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து, பால்போல் வெளுத்த சாற்றை இறக்குகிறார்கள்; அதுதான் சொல்லொங்தாங். ம்யொங்தோங்கில் இருக்கும் ஹாதோங்க்வான் 1939இல் தொடங்கியது. அங்கே கிடைப்பது கோம்தாங்: எலும்பைவிட இறைச்சியின் சாரம் மிகுந்த, தெளிந்த சாறு. பளபளக்கும் பித்தளைக் கிண்ணத்தில் சோறு ஏற்கெனவே சூப்பில் மூழ்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் பணத்தைக் கட்டிவிட வேண்டும். அன்றைய பானை காலியானால் கடை மூடப்படும். இரவுச் சாப்பாட்டுக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் ஏராளம்.

இந்தக் கடைகளைப் பற்றிய குறைகளில் முதலாவது, 'சப்பென்று இருக்கிறது' என்பது. சொல்லொங்தாங்கை உப்புப் போடாமல்தான் கொண்டுவருகிறார்கள். மேசையில் உப்பும் நறுக்கிய வெங்காயத்தாளும் மிளகுத்தூளும் இருக்கும். சுவையை முடித்துவைப்பது சாப்பிடுகிறவரின் வேலை. முதலில் ஒரு கரண்டி வெறும் சாறு. பிறகு சிட்டிகை சிட்டிகையாக உப்பு. ஒரு கை வெங்காயத்தாள். முள்ளங்கிக் கிம்ச்சியான காக்துகியை இடையிடையே கடிக்க வேண்டும். பாதிக் கிண்ணம் முடிந்ததும் அந்தக் காக்துகியின் சிவந்த புளிப்பு நீரைச் சாற்றில் ஊற்றினால் அதே கிண்ணம் இரண்டாவது உணவாக மாறிவிடும். ஹாதோங்க்வானில் பழகிய வாடிக்கையாளர்கள் அந்த நீரைத் தனியே கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறார்கள். இந்த முறையைத் தெரியாமல் வெறும் சாற்றைக் குடித்துவிட்டு எழுந்து போனவரின் மதிப்பீட்டை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது குறை, 'கவனிப்பு இல்லை' என்பது. கிண்ணம் ஓரிரு நிமிடங்களில் மேசைக்கு வந்துவிடும். சிரிப்பு வராது, விளக்கம் வராது, அறிமுகமில்லாதவரோடு மேசையைப் பகிர வேண்டியிருக்கலாம். வாசலில் வரிசை நிற்கும்போது சாப்பிட்டு முடித்தவர் உட்கார்ந்திருக்க முடியாது. இதில் நான் கடைக்காரர் பக்கம். அலுவலகத்தின் மதிய இடைவேளைக்குள் சூடாக ஒரு வேளைச் சோறு போடுவதுதான் இந்தக் கடைகளின் பிறவிக் கடமை. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் செய்வதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்று: இமுனின் கிண்ணத்தில் நாக்கும் மண்ணீரலும் கிடக்கும். அவை பிடிக்காதவர்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு சம்க்யேதாங் இருக்கிறது. சிறிய இளங்கோழிக்குள் பசையரிசி, ஜின்செங் வேர், பூண்டு, இலந்தை வகைக் கனி ஆகியவற்றை அடைத்து வேகவைத்து, கொதிக்கும் மண்சட்டியோடு வைப்பார்கள். க்யொங்போக்குங் அரண்மனைக்கு அருகே பழைய ஓட்டு வீடுகளில் நடக்கும் தோசொக்சோன் இதற்குப் பேர்பெற்ற இடம். மறைந்த குடியரசுத் தலைவர் ரோ மூஹ்யொன் விரும்பிச் சாப்பிட்ட கடை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் மூன்று 'போக்' நாட்களில் வெக்கையை வெக்கையால் வெல்வது என்ற நம்பிக்கையோடு ஊரே கோழிச் சூப் சாப்பிடும். அந்நாட்களில் அங்கே நிற்பது வீண். மற்ற நாட்களில் மதிய நெரிசலுக்கு முன்பே போய்விடுங்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடை என்பதால் இதை இகழ்கிறவர்கள் உண்டு. கூட்டம் உண்மைதான். ஆனால் குழந்தைகளோடும் காரம் ஆகாத பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் கொரியச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

சைவர்களின் நிலை வேறு. ஹான்ஜோங்சிக் மேசையில் பத்துக் காய்கறிக் கிண்ணங்கள் இருந்தாலும் அவற்றில் பலவற்றில் நெத்திலி கொதித்த நீரோ மீன் சாறோ கலந்திருக்கும். கிம்ச்சியில் உப்பிட்ட சிறு இறால் சேர்ப்பது பரவலான வழக்கம். 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே, ஜோக்யே பௌத்தப் பிரிவினர் நடத்தும் பால்வூ கோங்யாங்கை முன்வைக்கிறேன். சியோலுக்கான முதல் மிஷலின் வழிகாட்டியிலேயே, அதாவது 2017 பதிப்பில், அது ஒரு நட்சத்திரம் பெற்றது. மடத்துச் சமையலில் இறைச்சியும் மீனும் இல்லை. பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயமும் விலக்கு. வெங்காயம் பூண்டை ஒதுக்கும் நம் வீடுகளில் பெருங்காயம்தான் கைகொடுக்கிறது. அங்கே அந்தத் துணையும் கிடையாது. கடற்பாசியும் உலர்ந்த காளானும் கொதித்த சாறு, எள்ளைப் போன்ற பெரில்லா விதைப் பொடி, ஆண்டுக்கணக்கில் ஊறிய சோயா ஆகியவற்றைக் கொண்டே சுவையைக் கட்டுகிறார்கள். மலைக்கீரை ஒன்று வாயில் தெளிவாகத் தன் கசப்போடு நிற்கிறது. ஹான்ஜோங்சிக்கில் அதே கீரை பத்தோடு பதினொன்றாகிவிடும்.

இங்கேயும் கருத்து பிளவுபடுகிறது. 'இவ்வளவு பணத்துக்குக் கீரையும் தோஃபுவுமா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பசியோடு அலைந்துவிட்டு உள்ளே போனால் அளவு போதாது என்று தோன்றும். முன்பதிவு செய்து, அவசரமில்லாத மதியத்தில் போவதே சரி.

எந்த வகைக் கடைக்குப் போனாலும் தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள். பட்டியலில் போட்டிருக்கும் விலைதான் கட்ட வேண்டிய விலை. 2013 முதல் வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்பது விதி. டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. தொட்டுக்கொள்ளும் கிண்ணங்களைச் சாதாரணக் கடைகளில் கேட்டால் மீண்டும் நிரப்பித் தருவார்கள். ஒருவர் மீதி வைத்ததை அடுத்தவருக்குப் பரிமாறுவது 2009 முதல் தண்டனைக்குரிய குற்றம். மறுமுறை கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. கேட்டு வாங்கியதை வீணாக்காமல் இருந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் பழைய வீடுகளில் தரையில் அமர வேண்டியிருக்குமா என்று முன்பே விசாரித்துவிட வேண்டும்.

நிறைந்த மேசையை ஒருமுறையாவது பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் சியோலில் செலவழிக்காமல், யோங்சான் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஜொன்ஜுவுக்குப் போகலாம். அந்த ஊர் இருக்கும் ஜொல்லா மாகாணத்தின் விருந்து வரிசை முறையில் வராது; எல்லாம் ஒரேயடியாக மேசையில் பரப்பப்படும். உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். கடல் மீனும் ஊறவைத்த கூனியும் நெத்திலியும் தாராளமாக இருக்கும். நம் நாக்குக்கு அரண்மனை மரபைவிட அது பக்கத்தில் நிற்கிறது. அந்த மேசையில் ஹொங்கோ என்ற புளித்த திருக்கை மீன் இருந்தால், மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடிக்குத் தயாராகுங்கள். தனியாகச் சாப்பிடாமல், வேகவைத்த பன்றி இறைச்சியோடும் பழைய கிம்ச்சியோடும் சேர்த்தே வாயில் போட வேண்டும்.