தீபாவளிக்கு அன்னபூர்ணா, சீனப் புத்தாண்டுக்கு லாங்டாங்

கோலாலம்பூர் மலையேறிகளுக்கு ஏற்றம் புதிதன்று, பனிதான் புதிது. உலு லாங்காட்டின் கம்போங் பங்சூனிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையை ஒரே நாளில் ஏறி இறங்கும் எங்கள் குழுவில், கினபாலுவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் அடுத்துக் கேட்பது நேபாளத்தைத்தான். கேட்கும்போது முதலில் வாயில் வருவது எவரெஸ்ட் அடிவார முகாம். 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்துக்குப் போய்வர ஏறக்குறைய பன்னிரண்டு நாள் நடக்க வேண்டும். அதோடு நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கு விமானம் பறப்பதும் பறக்காததும் மேகத்தின் விருப்பம். பத்து நாள் விடுப்பே பெரும்பாடாக இருக்கும் நம்மவர்களுக்கு அது ஒத்துவராது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். மீதமிருப்பவை அன்னபூர்ணா அடிவார முகாமும் லாங்டாங் பள்ளத்தாக்கும்.

எண்ணை மட்டும் பார்த்தால் அன்னபூர்ணா முகாம் 4,130 மீட்டர்; கினபாலு உச்சியைவிட வெறும் 35 மீட்டர் கூடுதல். லாங்டாங்கில் தங்குமிடமான கியாஞ்சின் கோம்பா ஏறத்தாழ 3,870 மீட்டரில் இருக்கிறது. ஆனால் கினபாலுவில் 3,272 மீட்டரில் ஓர் இரவைக் கழித்து, உச்சியைத் தொட்ட கையோடு இறங்கிவிடுகிறோம். அந்த உயரத்திலேயே இரண்டு மூன்று இரவுகள் உறங்கும்போது உடம்பு என்ன சொல்லும் என்பதை அந்தப் பயணம் காட்டிக்கொடுப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது பொதுவான அறிவுரை. இரண்டு பாதைகளுமே அதை மீறச் சொல்லி ஆசை காட்டுகின்றன. அன்னபூர்ணாவில் 3,230 மீட்டரிலுள்ள தேவ்ராலியிலிருந்து ஒரே நாளில் முகாமுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். லாங்டாங்கில் லாமா ஹோட்டல் என்ற இடத்திலிருந்து லாங்டாங் கிராமத்துக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 950 மீட்டர் ஏறுவதுதான் வழக்கமாகவே இருக்கிறது. இரண்டிலும் நடுவில் ஓர் இரவு தங்குவதே நல்லது.

காட்சியில் அன்னபூர்ணாவே முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்சோகும் லூயி லாஷனாலும் உச்சியை அடைந்த 8,091 மீட்டர் அன்னபூர்ணா முதற்சிகரம் கண்ணெதிரே சுவராக நிற்கும். மறுபக்கம், சிவனுக்குரியதாகக் கருதப்பட்டு ஏறுவதற்கு அனுமதி மறுக்கப்படும் 6,993 மீட்டர் மச்சபுச்சரே. 7,200 மீட்டரைத் தாண்டும் லாங்டாங் லிருங் அழகில் குறைந்ததன்று; ஆனால் நான்கு பக்கமும் சிகரங்கள் சூழ்ந்து நிற்கும் அந்த உணர்வு அங்கே இல்லை.

ஆனால் நான் முடிவு செய்வது காட்சியை வைத்தன்று, பனியை வைத்து. அன்னபூர்ணா முகாமுக்குப் போகும் வழி மோதி கோலா ஆற்றின் குறுகிய இடுக்கு ஒன்றே. தேவ்ராலியை ஒட்டிய பகுதியில், தலைக்கு மேலே ஹியுஞ்சுலி சிகரத்தின் சரிவுகளில் எவ்வளவு பனி குவிந்திருக்கிறது என்பது கீழே நடப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அது ஓடைக்குழிகள் வழியாகப் பாதை மேலேயே வந்து விழும். நாம் நடக்கும் இடத்தில் வெயில் அடிப்பது எதற்கும் உறுதியன்று. 2020 ஜனவரி 17 அன்று அங்கே விழுந்த பனிச்சரிவில் நான்கு கொரியர்கள் உட்பட எழுவர் இறந்தனர். ஜனவரி முதல் மார்ச் வரை, புதுப்பனி விழுந்த அடுத்த சில நாட்களில், அந்த இடுக்கைக் கடக்க வேறு வழி ஏறக்குறைய இல்லை. திரும்பிவர வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

லாங்டாங் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சரிந்த பனியும் பாறையும் லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டன. அதன்பின் கட்டிய புதிய வீடுகளைக் கடந்து நடக்கும் எவரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இருந்தாலும் அந்தக் கிராமத்துக்கு மேலே பள்ளத்தாக்கு அகலமாக விரிகிறது. கியாஞ்சினில் தங்கிக்கொண்டு, வானம் தெளிந்தால் கியாஞ்சின் ரி என்ற சிகரத்துக்கோ 4,984 மீட்டர் செர்கோ ரி சிகரத்துக்கோ ஏறலாம். தெளியாவிட்டால் யாக் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு அடுப்போரம் உட்காரலாம். அன்னபூர்ணாவில் முகாம்தான் எல்லாம். அதை எட்டாவிட்டால் பயணமே பாழானதாக மனம் சொல்லும். அந்த மனநிலைதான் ஆட்களைத் தவறான நாளில் இடுக்குக்குள் இழுத்துவிடுகிறது.

நமக்கு விடுப்பு கிடைப்பதும் இரண்டு பருவங்களில்தான். தீபாவளி அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு வருகிறது. பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும், புதுப்பனி குறைவு. அப்போது அன்னபூர்ணாவைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். நம் வீடுகளில் விளக்கேற்றும் நாட்களையொட்டியே அங்கே அவர்களுடைய விளக்குத் திருநாளான திகார் நடக்கும் என்பது கூடுதல் மகிழ்ச்சி. ஒரே ஒரு கண் வங்காள விரிகுடா மீது இருக்கட்டும்: 2014இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல் இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று, அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் தோரோங் கணவாய்ப் பகுதியில் பனிப்புயலாக மாறி 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சீனப் புத்தாண்டு விடுமுறையோ ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் விழுகிறது. பனியைத் தொட வேண்டும் என்ற ஆசைக்கு அதுவே பொருத்தம். அன்னபூர்ணா இடுக்குக்கு அதுவே பொருந்தாத காலம். அப்போது லாங்டாங்தான்.

ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கோப்பெங்கில் கம்பார் ஆற்றுப் படகுச் சவாரி போனவர்கள் அங்கும் அதைக் கேட்கிறார்கள். லாங்டாங் கோலா ஆறு சியாப்ருபேசி என்ற ஊரில் போட்டே கோசி ஆற்றோடு சேர்ந்து திரிசூலி ஆறாகிறது. நடந்து பார்த்த அதே நீரில், கீழே காத்மாண்டு–பொக்கரா நெடுஞ்சாலையோரம் படகு விடலாம். அக்டோபர், நவம்பரில் அது நடுத்தரத் துள்ளலோடு இருக்கும். பிப்ரவரியில் நீர் வற்றி, குளிர் மட்டும் மிஞ்சும். பொக்கரா பக்கத்துச் சேதி ஆறு சற்று வெதுவெதுப்பானது, முதல்முறைக்கு ஏற்றது. இந்த ஆறுகளுக்கு நம் ஊர் ஆறுகளைப்போல மேலே மழை பெய்தால்தான் வெள்ளம் என்ற கணக்கு செல்லாது. 2012 மே 5 அன்று மலையுச்சியிலிருந்து பெயர்ந்த பாறையும் பனியும் சேதியில் வெள்ளமாக இறங்கியபோது பொக்கரா பக்கம் வெயில்தான் அடித்தது.

போக்குவரத்தில் பெரிய வேறுபாடில்லை. காத்மாண்டு வரை நேரடி விமானம் உண்டு. அதற்குமேல் அன்னபூர்ணாவுக்குப் பொக்கரா வழியாகவும், லாங்டாங்குக்கு ஒரு முழுநாள் குலுங்கும் சாலையிலும் போக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைபயணிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்பது விதி. பனிக்காலத்தில் விதி இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அன்னபூர்ணா வழியிலுள்ள சோம்ரோங் கிராமத்துப் படிக்கட்டுகளை மறக்க வேண்டாம்: போகும்போது இறங்கியதைத் திரும்பும்போது ஏற வேண்டும், பத்துமலையின் 272 படிகள் அதன்முன் விளையாட்டு.

எங்கள் குழு வரும் சீனப் புத்தாண்டுக்கு லாங்டாங் என்று முடிவு செய்திருக்கிறது. பனிக்காலத்தில் சில விடுதிகள் மூடியிருக்கும் என்பதால் கியாஞ்சினில் எது திறந்திருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறோம். காலணியில் மாட்டும் முள்பட்டையும் ஆளுக்கொன்று வாங்கியாயிற்று. அட்டவணையில் இரண்டு நாள்களை எந்த வேலையும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கிறோம்.